லஸ் வெளிச்சமும் திரையில் மிதக்கும் அம்பும்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வரக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் தெருமுனையிலிருந்து போன் செய்தார். "சார், லொகேஷன் கிட்டத்தான் நிக்கிறேன். பக்கத்துல என்ன இருக்கு?" பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் இஸ்திரி வண்டி நிற்கும், அதற்கு எதிர்ச் சந்து என்றேன். இரண்டே நிமிடத்தில் வந்து மணி அடித்தார். அவருடைய போனில் என் வீடு ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு போன் கணக்குப் போட்டு வைத்த புள்ளி. பார்சல் மேலே பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதியிருந்தது. இத்தனைக்கும் பிறகு அவரை என் வாசலில் கொண்டுவந்து விட்டது இஸ்திரி வண்டிதான்.

நான் வீடியோ கேம்களில் இடங்களை வடிவமைக்கும் வேலை செய்கிறேன். சுவர் எங்கே, கதவு எங்கே, படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. பெரும்பாலும் துப்பாக்கி விளையாட்டுகள். அவற்றை ஆடும்போது திரையில் ஒரு சின்ன அம்போ வைரக்கல் போன்ற ஒரு வடிவமோ மிதக்கும். கீழே "120 மீ" என்று எழுதியிருக்கும். அங்கே போ என்று பொருள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடும்போது பார்த்திருப்பீர்கள். அந்த அம்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இருபது வருடமாக அதோடு சண்டை போட்டிருக்கிறேன், சமாதானமும் ஆகியிருக்கிறேன்.

முதலில் அந்த அம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். விளையாட்டின் உலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண்கள் உண்டு: நீளவாக்கில், அகலவாக்கில், உயரத்தில் அது எங்கே இருக்கிறது என்று. நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து, அந்த மூன்று எண்களைத் திரையின் இரண்டு எண்களாகக் கணினி மாற்றுகிறது. போக வேண்டிய இடம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், அம்பு திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு "திரும்பு" என்கிறது. இடையில் நான்கு சுவர் இருந்தாலும் அம்புக்குக் கவலை இல்லை, எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கும். இந்த யோசனை போர் விமானத்திலிருந்து வந்தது. விமானி குனிந்து கருவிகளைப் பார்க்காமல், எதிரே இருக்கும் கண்ணாடியிலேயே எண்களும் கோடுகளும் வானத்தின் மேல் வரைந்தாற்போலத் தெரியும். நம்முடைய தேஜஸ் விமானத்துக்கு அந்தக் கருவியைச் சண்டிகரில் உள்ள மத்திய அரசின் அறிவியல் கருவிகள் ஆய்வகம்தான் உருவாக்கியது. வானத்தில் சுவர் இல்லை. நேர்க்கோடு அங்கே உண்மையான வழி.

தரையில் அப்படி இல்லையே! பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் நின்றுகொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். ஊரூர் குப்பம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நடுவில் ஒரு பாலமும் நிற்கிறது, ஆனால் அது உடைந்த பாலம். அறுபதுகளில் கட்டியது, 1977-ல் அடையாற்று வெள்ளத்தில் இடிந்தது, அப்படியே நிற்கிறது. சினிமாவில் நூறு முறை பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு அம்பை மிதக்கவிட்டால் சில நூறு மீட்டர் என்று காட்டும். நடந்து போக வேண்டுமானால் மேற்கே திரும்பி, திரு.வி.க. பாலத்தில் ஆற்றைக் கடந்து, அடையாறு வழியாக பெசன்ட் நகர் போய், மறுபடி கடற்கரைக்கு வர வேண்டும். மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தி. நகர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிற நாளில் அது வேறு ஊர். நேர்க்கோட்டுத் தூரம் என்பது இந்த நகரத்தில் நடக்கிற யாருக்கும் உதவாத ஒரு எண். துப்பாக்கி விளையாட்டுகளில் பல அந்த எண்ணைத்தான் காட்டுகின்றன.

இதற்கு வேறு வழி கண்டவர்களும் உண்டு. 2008-ல் வந்த டெட் ஸ்பேஸ் விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தரையில் நீல நிறத்தில் ஒரு ஒளிக்கோடு ஓடும். சுவரைத் துளைக்காது, கதவு வழியாகத் திரும்பி வாசல் வரை போகும். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குறைந்த செலவில் நடக்கிற வழியைக் கணக்கிடும் ஏ-ஸ்டார் முறையை ஸ்டான்ஃபர்டு ஆய்வு நிறுவனத்தில் மூன்று பேர் 1968-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட முறைகள் கையில் இருந்தும் நேர்க்கோட்டு அம்பையே நாம் தூக்கிப்பிடித்துக்கொண்டிருந்தோம்.

நான் ஆடத் தொடங்கியபோது இந்த அம்பெல்லாம் கிடையாது. 2002 வாக்கில் லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில், ஒரு ப்ரௌசிங் சென்டர். பத்து கணினிகள், கதவில் திரைச்சீலை, மணிக்கணக்கில் காசு. அங்கே கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடினோம். டஸ்ட் 2 என்ற இடம்தான் எல்லோருக்கும் பிடித்தது. டேவ் ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்து மாணவர் வடிவமைத்து 2001-ல் வெளியான இடம் அது. மணல் நிறச் சுவர்கள். வெடிகுண்டு வைக்கும் இடங்கள் இரண்டு. அவற்றின் பெயர் ஏ, பி. அந்த எழுத்துகள் சுவரில் பெயின்ட் அடித்திருக்கும், பக்கத்தில் அம்புக்குறியும் இருக்கும். திரையில் மிதப்பதில்லை, சுவரில் இருக்கும். நீங்கள் சுவரைத் தாண்டினால் அதுவும் பின்னால் போய்விடும். தெருவில் "கிளினிக் இந்தப் பக்கம்" என்று எழுதியிருப்பது போல.

ஒரு வாரம் திணறினோம். அப்புறம் அந்த இடம் எங்களுக்குள் வந்துவிட்டது. லாங், மிட், டனல், கேட்வாக் என்று ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர். "டே, டனல்ல ரெண்டு பேர்டா" என்று கத்தினால் பத்து பேருக்கும் எந்த இருட்டு, எந்த வளைவு என்று தெரியும். இந்தப் பெயர்களில் பலவற்றை ஆடுகிறவர்கள்தான் வைத்தார்கள். தேவை வந்ததால் வைத்தார்கள். சென்னையில் பஸ் நிறுத்தங்களுக்கு நடந்ததும் இதுதான். சத்யா ஸ்டூடியோவில் இப்போது ஸ்டூடியோ இல்லை, ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னால் இறங்க வேண்டிய இடம் தெரிகிறது. வழியைத் தானாகக் கண்டுபிடித்த ஊரில்தான் இப்படிப் பெயர் முளைக்கும். அம்பு கூட்டிக்கொண்டு போன ஊரில் "அங்கே ஒரு கட்டடம் இருந்ததே" என்ற நினைவுகூட மிஞ்சுவதில்லை. எந்த விளையாட்டையும் முழுக்க அம்பைத் தொடர்ந்து ஆடி முடித்தவரிடம், அந்த ஊரைக் காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் அம்பு ஏன் வந்தது? காரணம் நியாயமானதுதான். 1993-ல் டூம் என்ற துப்பாக்கி விளையாட்டு வந்தபோது ஒரு அறையில் இருந்த பொருள்கள் மிகக் குறைவு. கதவு தெரிந்தால் அது திறக்கும். பூட்டியிருந்தால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சாவியின் நிறம் கதவின் ஓரத்தில் இருக்கும். குழம்பினால் ஒரு விசையைத் தட்டினால் நீங்கள் நடந்த வழி கோட்டோவியமாக வரும். கண்ணில் படாத இடம் அதில் இருக்காது, நீங்கள் நடந்து நடந்து வரைந்த வரைபடம் அது. பத்துப் பதினைந்து வருடத்தில் அறைகள் நிறைந்துவிட்டன. மேசை, நாற்காலி, குப்பைத் தொட்டி, கிழிந்த போஸ்டர், ஒரு தெருவில் முப்பது கதவு. அதில் இருபத்தொன்பது வெறும் படம், ஒன்றுதான் திறக்கும். ரங்கநாதன் தெருவில் ஒரே ஒரு கடை மட்டும் உண்மை, மற்றதெல்லாம் துணியில் வரைந்த ஓவியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? 2003-ல் கால் ஆஃப் டியூட்டி ஒரு திசைகாட்டியில் நட்சத்திரம் வைத்தது. 2007-ல் பயோஷாக் திரையின் மேலே ஒரு அம்பு வைத்தது, வேண்டாமென்றால் அணைக்கவும் வழி கொடுத்தது. வேலை முடித்து வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஆடுகிறவர், அதில் இருபது நிமிடம் திறக்காத கதவுகளை முட்டிக்கொண்டிருக்க முடியாது. அவருக்காகத்தான் அம்பு வந்தது.

ஆனால் அந்த அம்பு ஆடுகிறவரைவிட எங்களைத்தான் கெடுத்தது. இதைச் சொல்லத்தான் வந்தேன். அம்பு இருக்கப்போகிறது என்று தெரிந்தால், இடத்தை வடிவமைக்கிறவன் இடத்தைப் பேசவைப்பதை விட்டுவிடுகிறான். எந்தக் கதவில் வெளிச்சம் விழ வேண்டும், எந்தக் கோபுரம் எந்தத் தெருவிலிருந்து தெரிய வேண்டும், வளைவுக்கு அப்பால் என்ன சத்தம் கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் தொழில். அம்பு வந்ததும் அதையெல்லாம் யோசிக்காமலே வேலை முடிந்துவிடுகிறது.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு துறைமுகக் கிடங்கை வடிவமைத்தேன். சோதித்துப் பார்த்த ஐந்து பேரும் எளிதாகத் தாண்டினார்கள், பாராட்டினார்கள். ஒரு நாள் ஏதோ கோளாறில் அம்பு வரவில்லை. ஐந்தில் நான்கு பேர் கிடங்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெளியே போகும் கதவு சரக்குப் பெட்டிகளுக்குப் பின்னால், மற்ற எல்லாக் கதவையும் போலவே, அதே சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் வைத்த கதவு. அந்த நிமிடம் வரை அது தவறு என்று எனக்குத் தெரியாது. தேதி நெருங்கிவிட்டது, அம்பைச் சரிசெய்துவிடு போதும் என்றார்கள். சரிசெய்தேன். கதவை அப்படியே விட்டேன். அந்தக் கிடங்கு அப்படியேதான் வெளிவந்தது. இன்றைக்கும் எங்கோ யாரோ அதில் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு மாட வீதிகளில் நடக்கும்போதெல்லாம் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 120 அடி. குளம் மேற்கில். நீங்கள் தெப்பக்குளத்தின் எந்தக் கரையில் நின்றாலும் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையில்லை. குளம் வெட்டவெளியாக இருப்பதால் பார்வைக்கு எதுவும் குறுக்கே வருவதில்லை. வடக்கு மாட வீதியில் திரும்பினால் பூக்கடை, பாத்திரக்கடை என்று கடைகள் மாறுவதிலேயே எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிகிறது. கெவின் லின்ச் என்ற அமெரிக்க நகரமைப்பு அறிஞர் 1960-ல் எழுதிய புத்தகத்தில், மக்கள் ஒரு ஊரை மனதில் ஐந்து பொருள்களைக் கொண்டு வைத்துக்கொள்கிறார்கள் என்றார்: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம். அவர் ஆராய்ந்தது பாஸ்டன் போன்ற அமெரிக்க நகரங்களை. எனக்கு அந்தப் புத்தகம் மயிலாப்பூருக்கே எழுதியது போல இருந்தது.

இந்த அரங்கத்துக்குப் பக்கத்தில், லஸ் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பெயரை யோசித்துப் பாருங்கள். போர்த்துகீசிய மொழியில் லஸ் என்றால் ஒளி. நடுக்கடலில் திசை தெரியாமல் தத்தளித்த மாலுமிகளுக்குத் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைப் பின்தொடர்ந்து கரைக்கு வந்தார்கள். கரையேறியும் பின்தொடர்ந்தார்கள். ஒரு காட்டுக்குள் வந்ததும் வெளிச்சம் மறைந்துவிட்டது. மறைந்த இடத்தில் ஒரு கோயில் கட்டினார்கள். ஒளி மாதா கோயில், நம் மக்கள் வாயில் காட்டுக் கோயில். அங்கே உள்ள கல்வெட்டு 1516 என்கிறது. கதை எவ்வளவு உண்மையோ, எனக்குத் தெரிந்த மிகப் பழைய வழிக்குறிக் கதை அதுதான். திரையில் மிதக்கும் அம்பும் அப்படித்தான். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் மறைந்துவிடும். அந்த மாலுமிகள் வெளிச்சம் மறைந்த இடத்தில் ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள். 500 வருடம் கழித்து நாம் "லஸ் கார்னர்ல இறக்கிவிடுங்க" என்கிறோம். எங்கள் விளையாட்டுகளில் அம்பு மறைந்ததும் அடுத்த அம்பு வருகிறது.

இத்தனை நாள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், அம்பை ஒழிக்க வேண்டும் என்றுகூட. என் மனசை மாற்றியவன் என் தம்பி.

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் ப்ரௌசிங் சென்டருக்கு என்னோடு வருவான். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவான். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் பாதி விளையாட்டு காலடிச் சத்தம். பின்னால் ஒருவன் வருவதைக் கேட்க முடியாதவன் ஒவ்வொரு முறையும் முதல் ஆளாகச் சாவான். நான் புகழ்ந்துகொண்டிருந்தேனே, இடம் பேச வேண்டும், வளைவுக்கு அப்பால் சத்தம் கேட்க வேண்டும் என்று, அந்தப் பேச்சு எதுவும் அவனை எட்டவில்லை. 2018-ல் பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கி விளையாட்டு வந்தது. அதன் மினி மேப்பில், பக்கத்தில் யாராவது ஓடினால் ஒரு சின்னக் காலடிச் சுவடு தோன்றும். சுட்டால் தோட்டா வடிவம் வரும். எந்தத் திசை என்று தெரியும். தம்பி முதல் நாள் இரவு மூன்று மணி வரை ஆடினான். காலையில் என்னை எழுப்பிச் சைகையில் சொன்னான்: "பின்னால் வருகிறவனைப் பார்த்துவிட்டேன்." இருபத்தேழு வயதில்.

2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டபோது வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, அவன் மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தது. பிறகு ஒருமுறை மறைந்து, 2023-ல் மறுபடி வந்தது. அரசின் காரணங்களுக்குள் நான் போகவில்லை. எத்தனையோ பேருக்கு அது வெறும் பொழுதுபோக்கு. அவனுக்கு அது சத்தத்தைக் கண்ணால் பார்த்த ஒரே இடம்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஃபோர்ட்நைட் விளையாட்டில் சத்தங்களைத் திரையில் வட்டமாகக் காட்டும் வசதி இருக்கிறது. 2020-ல் வந்த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் இப்படிப்பட்ட வசதிகள் 60-க்கும் மேல். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் போக வேண்டிய பக்கம் ஆள் தானாகத் திரும்புவார். கூடவே ஒலிக்குறிப்புகளும் உண்டு. பார்வையே இல்லாதவர்கள் அந்த விளையாட்டை முதலிலிருந்து கடைசி வரை முடித்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் வழிக்குறி காதுக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் படித்தபிறகு "உண்மையான ஆட்டக்காரனுக்கு அம்பு எதற்கு" என்று பேசுகிறவர்களோடு என்னால் உட்கார முடியவில்லை. அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

தம்பி எனக்குக் காட்டிய இன்னொன்று பிங். 2019 பிப்ரவரியில் ரெஸ்பான் நிறுவனம் ஏபெக்ஸ் லெஜென்ட்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒரு பொத்தானைத் தட்டினால், நீங்கள் பார்க்கும் இடத்தில் ஒரு குறி விழும், கூட ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். எதிரியைப் பார்த்து இருமுறை தட்டினால் "எதிரி" என்றாகும், துப்பாக்கியைப் பார்த்துத் தட்டினால் "இங்கே துப்பாக்கி இருக்கிறது" என்றாகும். பெயர் தெரியாத மூன்று பேர் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் சேர்ந்து ஆடலாம். தாய் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இதற்கான காப்புரிமையை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று 2021-ல் திறந்துவிட்டது. எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்காத காரியம் அது. பிஜிஎம்ஐயிலும் நான்கு பேருக்கு நான்கு நிறத்தில் மார்க் உண்டு. நம் பசங்க "என்டபிள்யூல ஒருத்தன், மார்க் போட்டிருக்கேன் பாரு மச்சான்" என்பார்கள்; என்டபிள்யூ என்றால் வடமேற்கு. தம்பி பேசமாட்டான், மார்க் மட்டும் போடுவான். அவன் அணியில் இருப்பவர்களுக்கு அவனுக்குக் காது கேட்காது என்பதே தெரியாது.

சைகை மொழியில் சுட்டிக்காட்டுவது இலக்கணத்தின் ஒரு பகுதி. "அவன்", "அது", "அங்கே" எல்லாமே விரல் நீட்டுவதில் இருக்கிறது. தம்பிக்குப் பிங் புதிய கண்டுபிடிப்பாகத் தோன்றவே இல்லை. "இப்போதுதான் நீங்களும் விரல் நீட்டக் கற்றுக்கொண்டீர்கள்" என்றான்.

விளையாட்டு தானாக மிதக்கவிடும் அம்புக்கும், கூட இருக்கிறவன் நமக்காகப் போடும் மார்க்குக்கும் இருக்கிற வித்தியாசம் இதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. என் அம்மா எங்களை தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிப்போகும்போது, உள்ளே நுழையும் முன் ஒரு கடை வாசலைக் காட்டி, "தொலைஞ்சா இங்க வந்து நில்லுங்கடா, அம்மா வருவேன்" என்பாள். தம்பியைக் குனியவைத்து, முகத்தைத் திருப்பி, அந்தக் கடையின் பலகையைப் பார்க்கவைப்பாள். மாம்பலம் ஸ்டேஷன் பக்கமிருந்து வரும் கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும், கால் தரையில் படாது. ஒரு தடவை தம்பி உண்மையாகவே தொலைந்தான். அழாமல் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

இப்படி நினைவை வைத்து வழி கண்டுபிடிப்பதைச் சோதிக்கும், 2016-ல் வெளியான சீ ஹீரோ குவெஸ்ட் என்ற விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மறதி நோய் ஆராய்ச்சிக்காகச் செய்தது. முதலில் வரைபடத்தைக் காட்டும், பிறகு எடுத்துவிடும். நினைவை வைத்துப் படகை ஓட்ட வேண்டும். 38 நாடுகளில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் ஆடியதை ஆராய்ந்து 2022-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கட்டம் போட்டாற்போல் நேர்த் தெருக்கள் உள்ள நகரங்களில் வளர்ந்தவர்களைவிட, வளைந்து நெளிந்த தெருக்களிலும் ஊர்ப்புறத்திலும் வளர்ந்தவர்கள் பொதுவாக வழி கண்டுபிடிப்பதில் தேர்ந்திருந்தார்களாம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ச் சந்துகளில் வளர்ந்தவர்கள் அதைப் படித்துச் சற்று நிமிர்ந்து உட்காரலாம்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யார் எந்த இடத்தை வடிவமைத்தாலும், முதல் சோதனை அம்பை அணைத்துவிட்டுத்தான். ஆள் வெளியே வந்துவிட்டால், அதன் பிறகு எல்லா வழிக்குறிகளையும் போடுகிறோம்: அம்பு, தரைக்கோடு, காலடிச் சுவடு, நிறக்குருடு உள்ளவர்களுக்கு வேறு நிறம், காது கேட்காதவர்களுக்கு வடிவம், பார்வை இல்லாதவர்களுக்கு ஒலி. அவரவர் தேவைக்கு அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். ஆள் வெளியே வரவில்லையென்றால் கதவை மாற்றுகிறோம். அம்பைத் தொடுவதில்லை. இதற்காகத் தேதி தள்ளிப்போயிருக்கிறது, திட்டும் வாங்கியிருக்கிறேன். பரவாயில்லை. இந்த அரங்கில் கேம் டிசைன் படிக்கிற பிள்ளைகள் சிலர் இருக்கிறீர்கள். முதல் வேலையிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

போன மாதம் தம்பி மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் வழி மாறிப்போய்விட்டான். தினம் நடக்கிற தெருவில் இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு. போனில் மேப் பழைய வழியையே காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வீடியோ கால் செய்தான். போனைத் திருப்பித் தடுப்புகளைக் காட்டினான், பிறகு நிமிர்த்தி, தகரத்துக்கு மேலே தூரத்தில் தெரிந்த கோபுர உச்சியைக் காட்டினான். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே குவித்தான். எங்கள் வீட்டில் கோயிலுக்கு அதுதான் சைகை. நான் வாய் திறப்பதற்குள் இடது கையை நீட்டி, "இந்தப் பக்கம்" என்று காட்டிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டான்.